பால்குடி மறக்காத கருவி

காது கேளாதவர்களுக்கென்று ஒரு வாரியம் அமைப்பதென்று முடிவான அன்றே, அதன் வேலைகள் எல்லாவற்றையும் தொலைபேசி மூலமாக நடத்துவதென்றும் முடிவாகிவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் போனில்தான் வந்திருக்கும்.

அதன் முழுப்பெயர் செவித்துணைக் கருவி மாற்று வாரியம். ஆறு மாடிக் கட்டடத்தில் ஐந்தாவது மாடி முழுக்க அதற்குத்தான். கதவின் மேல் ஒரு பித்தளைப் பலகை: 'உங்கள் குரல் எங்களுக்குக் கேட்கிறது.' பழைய கருவியை வாங்கிக்கொண்டு புதுக் கருவி கொடுப்பது வாரியத்தின் பணி. இருபத்திரண்டு வருஷமாகப் பணி செவ்வனே நடந்து வருகிறது. புதுக் கருவி வாங்கிக்கொண்டு வெளியே வந்தவரைத்தான் இதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை.

இந்த வாரியத்தின் வாயில் போய் விழுந்தவர் லிப்ட்காரர். முப்பத்தெட்டு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மோட்டார் அறைகளில் குனிந்து கிடந்ததில் இரைச்சல் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஐம்பத்து நான்காவது வயதில் இரண்டு காதிலும் கருவி ஏறியது. அது ஆயிற்று ஒன்பது வருஷம் இரண்டு மாதம். இதற்குள் கருவி பதினாலு தடவை பழுதாகி, பதினாலு தடவையும் 'சரி செய்தாயிற்று' என்ற சீட்டோடு திரும்பி வந்து, மறுபடி காதுக்குள் விசிலடித்தது.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம், டீச்சர். டீச்சர் என்பது அவருடைய மனைவி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். தெருவே டீச்சர் என்றதால் கட்டின புருஷனும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று டீச்சர் ஒரு பெயரைச் சொன்னால், அந்தக் கோடியில் ஓடுகிறவன் மட்டுமல்ல, மதிலுக்கு வெளியே சைக்கிளில் போகிற அதே பெயர்க்காரனும் இறங்கி நிற்பான். அப்படிப்பட்ட குரல் வீட்டில் இருக்கும்போது கருவி கிழடானால் என்ன, இளசானால் என்ன?

போன வருஷம் டீச்சருக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அறுவைச் சிகிச்சை செய்து எடுத்தார்கள். கட்டி போயிற்று, பக்கத்தில் இருந்த நரம்பும் அதோடு போயிற்று. உயிர் பிழைத்ததே பெரிது என்று எல்லாரும் சொன்னார்கள், அது உண்மையும்கூட. ஆனால் மிஞ்சிய குரல் ஊதுவத்திப் புகை மாதிரி மூக்கு நுனிவரை வந்து கலைந்துவிடும்.

எதிரில் உட்கார்ந்து பேசினால் லிப்ட்காரர் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார். முப்பத்தாறு வருஷப் பழக்கம் சும்மா போகுமா? அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் கேட்காது. முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் கேட்காது. எல்லாவற்றையும்விட, விளக்கை அணைத்தால் கேட்காது. அந்த வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் விளக்கை அணைத்த பிறகுதான் நடந்திருக்கிறது. மகளைத் தூர தேசத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது, பகலில் போட்ட சண்டைக்குச் சமாதானம், அறுவைக்கு முதல் நாள் டீச்சர் சொன்ன பயம், எல்லாமே இருட்டில்தான். இப்போது சுவிட்சைத் தட்டினால் பேச்சும் சேர்ந்து அணைந்துவிடுகிறது. அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்: இருட்டில் டீச்சர் பேசுவது காதில் விழவேண்டும்.

காது பரிசோதிக்கும் மருத்துவர் சின்னப் பெண். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அங்கிள், ஓடுதா இல்லையான்னு மட்டும் பார்க்கக் கூடாது. உங்களுக்கு எது கேக்கணுமோ அதைக் கேக்க வைக்குதான்னு பார்க்கணும். இதுக்கு உதிரி பாகமே இப்ப வர்றதில்ல. உங்க காது மாறிடுச்சு, வீட்டுல குரல் மாறிடுச்சு, இது மட்டும்தான் மாறாம இருக்கு. புதுசு சின்னக் குரலையும் பிடிக்கும். எப்பவோ மாத்தியிருக்கணும்."

வெளியில் வாங்கலாம்தான். விலையைச் சொன்னபோது, கேட்ட கொஞ்ச நஞ்சக் காதும் அடைத்துக்கொண்டது. அவளே ஒரு கடிதம் எழுதி, வாரியத்தின் தொலைபேசி எண்ணையும் கொடுத்தாள். கொடுக்கும்போது ஏனோ அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வாரியத்துக்குப் போன் செய்வது அந்த வீட்டில் இரண்டு பேர் வேலை. டீச்சர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, எதிர்முனை சொல்வதை வாயசைத்துக் காட்டுவார். லிப்ட்காரர் அதைப் பார்த்துப் படித்து, போனை நோக்கிக் குனிந்து பதில் கத்துவார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆள் தேறினார்கள்.

"நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா?" என்றது வாரியம்.

"கேக்கலைங்க."

"கேக்கலைன்னா எப்படிப் பதில் சொல்றீங்க?"

"என் மனைவி கேட்டுச் சொல்றாங்க."

"அப்ப அவங்களைப் பேசச் சொல்லுங்க."

"அவங்களால பேச முடியாதுங்க."

எதிர்முனையில் தாள்கள் புரண்டன. டீச்சர் உதட்டைப் பிதுக்கிக் காட்டினார். கடைசியில் வாரியம் ஒரு தேதியைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. கோப்பின் முதல் பக்கத்தில் இப்படி எழுதினார்கள்: 'விண்ணப்பதாரர் தொலைபேசியில் எல்லாக் கேள்விகளுக்கும் தெளிவாகப் பதிலளித்தார்.'

குறித்த நாளில் இருவரும் போனார்கள். லிப்டில் ஏறியதுமே லிப்ட்காரருக்குப் பொறுக்கவில்லை. மேலே குழல்விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. வண்டி வழுக்கி ஓடவேண்டிய தண்டவாளம் எண்ணெய் கண்டு மாமாங்கம் ஆகியிருந்ததைப் பாதத்தின் அதிர்விலேயே கண்டுகொண்டார்.

"தம்பி, இந்த லைட்டு இன்னும் ரெண்டு நாள்தான். மாத்திடச் சொல்லுங்க," என்றார் லிப்ட் இயக்குகிறவரிடம். அந்தத் தம்பிக்கு ஐம்பது வயது இருக்கும்.

"புகாரெல்லாம் போன்லதாங்க சொல்லணும்," என்றார் அவர், காதைக் குடைந்துகொண்டே.

காத்திருக்கும் கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். முப்பது பேருக்கும் காது கேட்காது. அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அது பேசினால், பிரேக் கட்டை தேய்ந்த லிப்ட் பாதியில் நிற்கிற சத்தம் வந்தது.

பக்கத்தில் இருந்த தையல்காரர் பழம் தின்று கொட்டை போட்டவர். இரண்டு கருவிகளையும் நூலால் காதோடு கட்டியிருந்தார். அவருக்கு இது பதினோராவது வருகை. சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, புதிதாக வருகிறவர்களுக்கென்றே எழுதி வைத்திருந்ததைக் காட்டினார்.

'மூன்று தடவை கூப்பிடுவார்கள். முதல் தடவையே எழுந்தால் காது கேட்கிறது என்று தள்ளிவிடுவார்கள். மூன்று தடவையும் எழாவிட்டால் ஆள் வரவில்லை என்று மூடிவிடுவார்கள். இரண்டாவது தடவை, கொஞ்சம் தடுமாறி எழவேண்டும்.'

"காது கேக்காம ரெண்டாவது தடவைன்னு எப்படிங்க தெரியும்?" என்றார் லிப்ட்காரர்.

தையல்காரர் அவர் வாயையே பார்த்துவிட்டு, "அதுக்குத்தான் பதினோரு தடவை வந்திருக்கேன்," என்றார்.

டீச்சர் எழுந்தார். துணைக்கு வந்தவர்கள் விண்ணப்பதாரரைத் தொடக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. தொடவில்லை. எதிர்ச்சுவர் ஓரமாகப் போய், ஓட்டப்பந்தயத்தில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டார். ஒலிபெருக்கி முதல் தடவை கூப்பிட்டது. டீச்சர் கையை உயர்த்தினார். இரண்டாவது தடவை கூப்பிட்டது. கையைச் சடாரென்று கீழே இறக்கினார்.

கூடத்தில் இருந்தவர்களுக்கு அத்தனை வருஷத்தில் முதன்முதலாக ஏதோ தெளிவாகப் புரிந்திருக்கிறது. ஒன்பது பேர் ஒரே நேரத்தில் எழுந்து கதவை நோக்கி நடந்தார்கள். தையல்காரர்தான் முன்னால் போனார்.

கதவருகே இருந்த அலுவலர் ஒன்பது பேரையும் எண்ணினார். கோப்பில் எழுதினார்: 'இன்று கூடத்தில் செவித்திறன் மிகச் சிறப்பு. அழைக்கப்படாதவர்களுக்கும் கேட்டிருக்கிறது.' எட்டு பேரின் கோப்புகள் அங்கேயே மூடப்பட்டன. ஒன்பதாவதாக உள்ளே விடப்பட்டவர் லிப்ட்காரர்.

உள்ளே வயது மதிப்பீட்டு அலுவலர் உட்கார்ந்திருந்தார். கண்ணியமான மனிதர், எதையும் எழுதிக் காட்டியே பேசுவார் என்பதால் லிப்ட்காரருக்கு அவரைப் பார்த்ததும் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. ஐந்து வயது முடிந்த கருவியை மாற்றித் தரலாம் என்பது விதி என்று எழுதிக் காட்டினார்.

"ஒம்பது வருஷம் ஆச்சுங்க," என்றார் லிப்ட்காரர் மலர்ச்சியோடு.

"அது நீங்க வாங்கின வயசு. நாங்க பார்க்கிறது உழைச்ச வயசு," என்று சொல்லி, அலுவலர் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டார். "தூங்கறப்ப போட்டுக்குவீங்களா?"

"இல்லைங்க, கழட்டி வெச்சிடுவேன்."

"மூணு வருஷம் போச்சு. குளியல், முகச்சவரம், முடிவெட்டு?"

"கழட்டிடுவேன்."

"நாலு மாசம். பேட்டரி தீர்ந்து, புதுசு வாங்கற வரைக்கும் சும்மா இருந்தது அஞ்சு மாசம்னு வெச்சுக்குவோம். ரிப்பேர் எத்தனை தடவை?"

"பதினாலு தடவைங்க!" என்றார் லிப்ட்காரர். அதைத்தான் துருப்புச் சீட்டாக வைத்திருந்தார்.

"ஒரு தடவைக்கு ரெண்டு வாரம். ஏழு மாசம் ஓய்வுல இருந்திருக்கு." அலுவலர் அதையும் கழித்தார். "நல்ல கருவிங்க. நிறைய ஓய்வு எடுத்திருக்கு."

"ஐயா, ரிப்பேர் ஆனா வயசு ஏறணுமே, குறையுதே?"

"நீங்க ஆஸ்பத்திரியில படுத்தா வேலைக்குப் போன கணக்குல சேர்ப்பாங்களா? அதே நியாயம்தான். இப்ப சொல்லுங்க, வேலை செய்யறப்ப போட்டிருந்தீங்களா?"

"மோட்டார் ரூம்ல இரைச்சல் தாங்காதுங்க. ரிட்டயர் ஆகற வரைக்கும் தினம் பன்னண்டு மணி நேர வேலை, அப்பல்லாம் கழட்டி வெச்சிடுவேன்."

"மூணு வருஷம் ஒரு மாசம்."

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையைக் கேள்விப்பட்டிருக்கிறோம். லிப்ட்காரர் அதை எதிரே உட்கார்ந்து பார்த்தார். கடைசிக் கோட்டுக்குக் கீழே அலுவலர் எழுதி, வட்டமிட்டு, தாளை அவர் பக்கம் திருப்பினார். ஒரு வருஷம் ஒன்பது மாதம்.

"இது இன்னும் பால்குடி மறக்காத கருவி," என்றார் அலுவலர் வாஞ்சையோடு. "இதைப் போய் கிழடுன்னு சொல்றீங்களே. இதே வேகத்துல உழைச்சா அஞ்சு வயசாக இன்னும் பதினேழு வருஷம் ஆகும். அப்ப வாங்க. உங்களுக்கு எண்பது இருக்கும், எனக்கும் பதவி உயர்வு வந்திருக்கும்."

"கருவியை விடுங்க. என் வீட்டுக்காரி குரல் மாறிடுச்சுங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

அலுவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். காது மாறினால் ஒரு பக்கம் இருந்தது. கருவி மாறினால் ஒரு பக்கம் இருந்தது. எதிரில் இருக்கிறவர் மாறினால் என்ன செய்வது என்று இல்லை.

"மனைவி மாறினா கருவியை மாத்த எங்களுக்கு அதிகாரம் இல்லீங்க. வேணும்னா சிறப்புச் சூழ்நிலைக் குழு முன்னால அவங்களே வந்து சாட்சி சொல்லட்டும். அதிர்ஷ்டசாலி நீங்க, குழு இன்னிக்கே கூடுது."

குழுவில் ஐந்து பேர். நீள மேசைக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் பதினைந்தடி தள்ளித் தரையில் ஒரு மஞ்சள் கோடு. சாட்சி அதைத் தாண்டக் கூடாது. தலைக்கு மேலே ஏசி ஒன்று உயிரை விட்டுக்கொண்டிருந்தது. தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார். இரண்டு பேர் மட்டும் வந்திருந்தாலும் அவருக்கு அது ஒரு கூட்டம்தான். அவர் பேசியதை டீச்சர் திரும்பி நின்று வாயசைத்துச் சொன்னார்.

"இந்த வாரியம் தொடங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் எங்க தொலைபேசிக்கு ஒரு புகார்கூட வந்ததில்ல. வர்ற போனெல்லாம் 'ஹலோ, ஹலோ'ன்னு சொல்லிட்டு அவங்களே வெச்சிடறாங்க. குறையே இல்லாத மக்கள்! ஆனா ஒரு வருத்தம். இத்தனை செஞ்சும், 'நீங்க சொன்னது கேட்டுச்சு, நன்றி'ன்னு ஒருத்தர் இதுவரைக்கும் சொன்னதில்ல. நன்றி எதிர்பார்த்து நாங்க வேலை செய்யல. வேலையை எதிர்பார்த்தும் யாரும் எங்களை நியமிக்கல. சேவை, சேவை ஒண்ணுதான்."

மற்ற நாலு பேரும் மேசையைத் தட்டினார்கள். தலைவர் உட்கார்ந்து, "சாட்சி பேசலாம்," என்றார்.

டீச்சர் மஞ்சள் கோட்டில் போய் நின்றார். ஆயிரம் பிள்ளைகளை ஒரு சொல்லில் நிறுத்திய மனுஷி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டிப் பேசினார். ஐந்து பேரும் முன்னால் சாய்ந்தார்கள். காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார்கள். ஒருவர் நாற்காலியோடு சாய்ந்து விழப் பார்த்தார்.

"கேக்கலையே," என்றார் தலைவர். "சத்தமா பேசுங்கம்மா."

டீச்சர் மறுபடி பேசினார். கழுத்தில் நரம்பு புடைத்தது. ஏசிதான் கேட்டது.

லிப்ட்காரருக்குப் பொறுக்கவில்லை. மேசைப் பக்கமாகச் சுற்றிப் போய் டீச்சரின் முகத்தைப் பார்த்து நின்றுகொண்டார். "அவங்க சொல்றது இதுதாங்க," என்று ஆரம்பித்தார். "எனக்குக் குரல் போயிடுச்சு. போனது போகட்டும். ஊருக்கெல்லாம் கேக்கணும்னு நான் கேக்கல. இவர் ஒருத்தருக்குக் கேட்டா போதும். இவருக்கும் கேக்கலைன்னா நான்..." அங்கே நிறுத்திவிட்டார். டீச்சர் நிறுத்தவில்லை, அவரால்தான் மேலே சொல்ல முடியவில்லை.

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க எப்படி இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"முகத்தைப் பார்த்துங்க."

"முகத்தைப் பார்க்கிறது கண்ணு. கண்ணு மூணாவது மாடி. இது காது வாரியம். இங்க எது தெரிஞ்சாலும் காதால தெரிஞ்சதாத்தான் எழுத முடியும்."

டீச்சர் ஏதோ சொன்னார். இந்தத் தடவை கண்ணில் பழைய மைதானத்து வெயில் இருந்தது. லிப்ட்காரர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "உங்க அஞ்சு பேருக்கும் நான் பேசினது கேக்கலைன்னு அதையும் கோப்புல எழுதுங்கன்னு சொல்றாங்க."

குழு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பிறகு ஐந்து தலைகளும் ஒன்று சேர்ந்தன. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். டீச்சர் ஊதிய சங்கு எப்படியோ அவர்கள் காதில் ஏறிவிட்டது. கால் மணி நேரம் கழித்துத் தட்டச்சு செய்த தீர்ப்பு வெளியே வந்தது. குறிப்பெழுத்தர் அதை உரக்க வாசித்தார், லிப்ட்காரருக்குக் கேட்கவில்லை, தாளை வாங்கிப் படித்தார்.

'ஒன்று. சாட்சியின் குரலை விண்ணப்பதாரர் பதினைந்தடி தூரத்தில், ஏசி ஓடும்போதே, ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டார். எனவே அவரது கருவி மிக நல்ல நிலையில் உள்ளது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

இரண்டு. அதே குரல் குழு உறுப்பினர் ஐவருக்கும் கேட்கவில்லை. இதைச் சுட்டிக்காட்டிய சாட்சிக்குக் குழு நன்றி தெரிவிக்கிறது. உறுப்பினர் ஐவருக்கும் சின்னக் குரலையும் பிடிக்கக்கூடிய புதிய கருவிகள் அவசரத் தேவையாக உடனே வழங்கப்படும். அவர்களிடம் பழைய கருவி இல்லாததால் வயது நிபந்தனை பொருந்தாது.

மூன்று. சாட்சி கூறியது: ஒன்றுமில்லை.'

லிப்ட்காரர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோபம் வந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. கூடத்தில் தையல்காரர் பன்னிரண்டாவது வருகைக்குத் தேதி வாங்க வரிசையில் நின்றிருந்தார். என்ன ஆயிற்று என்று புருவத்தால் கேட்டார். லிப்ட்காரர் கையை விரித்தார். தையல்காரர் தன் சீட்டை எடுத்து, கீழே புதிதாக ஒரு வரி எழுதிக்கொண்டார்: 'மனைவியை அழைத்து வரக் கூடாது.'

இருவரும் லிப்டில் ஏறினார்கள். இயக்குகிறவர் சாப்பிடப் போயிருந்தார். கதவு மூடியது. நாலாவது மாடியைத் தாண்டும்போது, இரண்டு நாள் தாங்கும் என்று லிப்ட்காரர் கெடு வைத்த விளக்கு இரண்டு தடவை சிமிட்டிவிட்டு அணைந்தது. கும்மிருட்டு. மாடி எண்ணைக் காட்டுகிற சின்னச் சிவப்புப் புள்ளியில் டீச்சரின் முகம் இருக்கிற இடம்கூடத் தெரியவில்லை.

அந்த இருட்டில் டீச்சர் பேசினார். வாய் தெரியாவிட்டாலும் அவர் பேசுகிறார் என்பது லிப்ட்காரருக்குத் தெரிந்தது. இடது காதருகே மூச்சு பட்டது. ஒரு சொல்லோ இரண்டு சொல்லோ அல்ல, நீளமாகப் பேசினார். நடுவில் ஒரு தடவை மூச்சு உடைந்து, நின்று, மறுபடி தொடர்ந்தது. அறுவைக்கு முதல் நாள் இருட்டில் பேசியதும் இப்படித்தான். லிப்ட்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கருவியைக் காதோடு அழுத்தி, முடிந்தமட்டும் கேட்டார். ஒரு வருஷம் ஒன்பது மாதக் குழந்தை ஊவென்று விசிலடித்தது.

தரைத்தளத்தில் கதவு திறந்தது. வெளிச்சம் உள்ளே விழுந்தது. அவர் சட்டென்று திரும்பி டீச்சரின் வாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது.

"என்ன சொன்ன, டீச்சர்?"

டீச்சர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவருக்குப் புரியும்படி நிதானமாக வாயசைத்தார்.

"ஒண்ணுமில்ல. வாங்க, போலாம்."

சட்டைப் பையில் இருந்த தீர்ப்பின் மூன்றாவது வரியும் அதைத்தான் சொன்னது.